டீனேஜ் சிறுகதைகள்ல ஆபத்து ஏன் கவர்ச்சியா வருது?
பயங்கரமான முகத்தோட வந்தா எந்தப் பிள்ளையும் கதவுகிட்ட வராதே, அதான். அமெரிக்க எழுத்தாளர் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் 1966ல எழுதின ‘வேர் ஆர் யூ கோயிங், வேர் ஹேவ் யூ பீன்?’ சிறுகதையப் படிங்க, 15 வயசு கானி, வீட்ல ஒரு மாதிரி வெளியில ஒரு மாதிரி இருக்கற பொண்ணு, தனியா இருக்கறப்ப தங்கக் கலர் கார்ல ஒருத்தன் வர்றான், அவ ரேடியோல ஓடுற அதே ப்ரோகிராம் அவன்கிட்டயும் ஓடுது, சின்னப் பசங்க மாதிரியே பேசுறான், கிட்டப் பாத்தா வயசு முப்பதாவது இருக்கும். அடங்காத பொண்ணுக்குக் கிடைச்ச தண்டனைன்னு இதைப் படிக்கறவங்கமேல எனக்கு ரொம்பக் கோவம் வரும்ங்க. மீறிப் பாக்கறது அந்த வயசோட இயல்பு, அவன்தான் அதை மோப்பம் புடிச்சு வர்றான். உள்ள வரக்கூட இல்ல, குடும்பத்தச் சொல்லி மிரட்டியே அவள வெளிய நடக்க வச்சுடறான்.