படகைத் திருப்பி அனுப்பினால் நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: நான் புன்செய் புளியம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் மனைவி பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவர். அவருடைய தம்பி இன்னும் முகாமில்தான் இருக்கிறான், வயது 26. அவனை ஆஸ்திரேலியாவுக்குப் படகில் அனுப்ப ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்டார். ஒன்றரை லட்சம் கொடுத்தாகிவிட்டது. பாக்கிக்காகத் தொகை எழுதாத புரோநோட்டிலும் ஒரு செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "நடுக்கடலில் படகைத் திருப்பி அனுப்புவது சர்வதேசச் சட்டப்படி குற்றம். மீறி அனுப்பினால் கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கலாம்" என்கிறார். இது உண்மையா? வேண்டாம் என்று சொன்னால் பணம் திரும்ப வருமா?

பதில்: மச்சினனைப் படகில் ஏற்றாதீர்கள். பாக்கிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் என்றால் எனக்கு வேலை சுலபம். பாதி நிஜத்தைக் கலந்து பேசுவதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

நிஜமான பாதி இது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33வது பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆஸ்திரேலியா அதில் கையெழுத்திட்ட நாடு. இந்தியா இல்லை. கடலில் தத்தளிப்பவர் யாராக இருந்தாலும் காப்பாற்ற வேண்டும் என்று 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98வது பிரிவும் சொல்கிறது.

ஏஜென்ட் சொல்லாத பாதியும் அதே கடல் சட்டத்தில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் கடல். குடியேற்றச் சட்டத்தை மீறி ஆட்களை இறக்க வரும் படகை அங்கே தடுக்க அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. 24 கடல் மைல் வரையிலும் அத்துமீறலைத் தடுக்கும் அதிகாரம் உண்டு. அதற்கும் வெளியே, எந்த நாட்டிலும் பதிவாகாத படகு என்றால் கடற்படை ஏறிச் சோதிக்கலாம். ஆக, தடுப்பதே குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. தடுத்த பிறகு ஆட்களை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள், அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா என்பதில்தான் வழக்கே.

அப்படி ஒரு வழக்கில் ஜெயித்தவர்கள் உண்டு. 2009இல் லிபியாவிலிருந்து வந்த சோமாலியா, எரித்திரியா நாட்டவர்களை இத்தாலி நடுக்கடலில் பிடித்து, ஒரு வார்த்தை விசாரிக்காமல் லிபியாவிலேயே இறக்கிவிட்டது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது தவறு என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்டவர்களுக்குத் தலைக்கு 15,000 யூரோ தரச் சொன்னது. உங்கள் ஏஜென்ட் நஷ்டஈடு என்று சொல்வது இந்தக் கதையாகத்தான் இருக்கும். தீர்ப்பு வருவதற்குள் வழக்குப் போட்டவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நீதிமன்றத்துக்கு ஆஸ்திரேலியா கட்டுப்பட்டதும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1993இலேயே, ஹைத்தி அகதிகள் வழக்கில், நடுக்கடலில் பிடித்துத் திருப்பி அனுப்புவதற்கு 33வது பிரிவு பொருந்தாது என்று நேர் எதிராகச் சொல்லிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 இலங்கைத் தமிழர்கள் ஒரே படகில் கிளம்பினார்கள். சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்குப் பக்கத்தில், 12 மைலுக்கு வெளியே 24 மைலுக்கு உள்ளே, ஆஸ்திரேலிய அதிகாரிகள் அவர்களைப் பிடித்துத் தங்கள் கப்பலில் அடைத்தார்கள். இந்தியாவில் கொண்டுவந்து விடுவதற்காகக் கப்பலும் இந்தப் பக்கம் வந்தது. ஒத்துவரவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்து, கடைசியில் ஆஸ்திரேலியா அகதிகளை அடைத்து வைக்கும் நவுரு என்ற தனித் தீவு நாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழக்கு அந்த நாட்டின் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம். 2015 ஜனவரியில், நாலுக்கு மூன்று என்ற கணக்கில், அடைத்து வைத்தது அவர்களுடைய 2013ஆம் ஆண்டுக் கடல்சார் அதிகாரச் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சர்வதேசக் கடமைக்கு முரணாக இருந்தாலும் கடலில் எடுத்த நடவடிக்கை செல்லும் என்று, தீர்ப்புக்கு முந்தைய மாதமே நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அது தவறான சட்டம் என்பது என் கருத்து. மூன்று நீதிபதிகளே மாறுபட்டிருக்கிறார்கள். ஆனால் என் கருத்தை வைத்துக்கொண்டு மச்சினன் என்ன செய்வான்? தோட்டத்து வண்டித்தடத்துக்கு ஒரு தடையுத்தரவு வாங்கவே நாம் எத்தனை வாய்தா அலைகிறோம்! கையில் போன் இல்லாமல், எந்தக் கடலில் இருக்கிறோம் என்றே தெரியாமல் கப்பலுக்குள் கிடப்பவன் யாருக்கு வக்காலத்து எழுதிக் கொடுப்பான்? 2014இல் சிலரை ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகுகளில் ஏற்றி இந்தோனேசியக் கரைப் பக்கமே திருப்பி ஓட்டிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் வழக்குப் போட வாய்ப்பே கிடைக்கவில்லை. எப்படியோ கரையைத் தொட்டுவிட்டாலும், விசா இல்லாமல் படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியாவில் குடியமர்த்துவதில்லை என்பது 2013 ஜூலை 19 முதல் அந்த அரசின் கொள்கை.

போய்ச் சேர்வதே நிச்சயமில்லை. 2019 ஜனவரியில் கேரளாவின் முனம்பத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு படகு போனது. கரையில் அவர்கள் விட்டுப்போன பைகள் போலீஸுக்குக் கிடைத்தன. ஆட்களைப் பற்றி வீட்டாருக்கு ஒரு தகவலும் வரவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவின்படி சட்டவிரோதமான காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அதற்காகக் கொடுத்த புரோநோட்டை வைத்து ஏஜென்ட் வசூலிக்க முடியாது. ஆனால் செக்கில் கவனமாக இருங்கள். வெற்றுச் செக்காக இருந்தாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்குத்தான் கொடுத்தீர்கள் என்று கோர்ட் முதலில் அனுமானிக்கும். 2019இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. அது கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள். 15 நாளுக்குள் எதற்காகக் கொடுத்த செக் என்று விவரமாகப் பதில் போக வேண்டும்.

கொடுத்த ஒன்றரை லட்சத்தைச் சிவில் வழக்குப் போட்டு வாங்குவது கடினம். தெரிந்தேதானே கொடுத்தீர்கள் என்று கோர்ட் கேட்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவில் மோசடிப் புகார் கொடுப்பதுதான் வழி. சட்டப்படி கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்கலாம் என்று ஆசை காட்டிப் பணம் வாங்கியது உங்களுக்குச் சாதகம். ஆனால் நீங்களும் பணம் கொடுத்தவர் என்பதால் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். முதலில் சத்தியமங்கலம் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் வக்கீலை இலவசமாகவே போட்டுத் தருவார்கள்.

மச்சினன் விஷயத்தில் இன்னொன்று. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, 2025ஆம் ஆண்டின் புதிய வெளிநாட்டினர் சட்டத்தில் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பதிவுதான் அவனுக்கு இருக்கும் ஒரே பிடிமானம். முகாமில் ஆள் கணக்கெடுக்கும்போது காணாமல் போனால் அதுவும் சிக்கலாகிவிடும். வெளிநாடு போயே தீர வேண்டும் என்றால், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, இங்கே வெளியேறும் அனுமதி வாங்கி, விசாவோடு போகலாம். இழுத்தடிக்கும்தான், இருந்தாலும் அந்த வழியில் போங்கள்.

ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருந்தால் அழிக்க வேண்டாம். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதிது வாங்கிவிடாதீர்கள். அதோடு வந்து வக்கீலைப் பாருங்கள்.