குடுவைக்கும் செல்லுக்கும் நடுவே

வணக்கம். வைரஸ்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். உயிரின் தோற்றம் பாடத்தில், ஆதிப் பூமியின் காற்றைப் போன்ற வாயுக்களை அடைத்து மின்பொறி விட்ட மில்லரின் குடுவையில் அமினோ அமிலங்கள் வந்தன என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் முதல் செல் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு மாணவி எழுந்து, “மிஸ், நடுவுல வைரஸ் இருந்துச்சா? அதுதானே செல்லைவிடச் சின்னது?” என்று கேட்டாள். வைரஸ் பெருகுவதற்கே செல் வேண்டும், அதனால் செல்தான் முதலில் என்று சொல்லி உட்கார வைத்தேன். சொன்னது சரியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அவ்வளவு சீக்கிரம் உட்கார வைத்திருக்க வேண்டாம். 1929இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேன் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: முதல் செல் கூடிவருவதற்கு முன்பு உயிர் லட்சோபலட்சம் ஆண்டுகள் ‘வைரஸ் நிலை’யிலேயே இருந்திருக்கலாம் என்றார். பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரில் காலமான அதே ஹால்டேன்தான். உங்கள் மாணவி நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

இன்றைக்கு நாம் பார்க்கும் வைரஸ் முதல் உயிராக இருந்திருக்க முடியாது. தன் புரதங்களைச் செய்துகொள்ள அதற்கு அடுத்தவர் வீட்டு ரைபோசோம், அதாவது செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம், வேண்டும். ஆனால் பாடப்புத்தகம் தாவிக் குதிக்கும் அந்த இடைவெளிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க முடிந்ததே ஒரு வைரஸால்தான்.

வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் இன்றைய பாலில், இன்றைய தயிரில் ஒரு ஸ்பூன் நாளைய பாலில். எந்த பாக்டீரியா வேகமாகப் பெருகுகிறதோ அதுதான் அடுத்த நாள் ஸ்பூனில் அதிகமாக ஏறும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சால் ஸ்பீகல்மன் குழு இதையே சோதனைக்குழாயில் செய்து 1967இல் வெளியிட்டது. பாலுக்குப் பதில், மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழையின் நான்கு எழுத்துகளும் (அந்த இழையைக் கோக்கும் வேதித் துண்டுகள்), அதை நகலெடுக்கும் நொதியும். உறைக்குப் பதில், பாக்டீரியாவைத் தொற்றும் கியூ-பீட்டா என்ற வைரஸின் ஆர்.என்.ஏ. இருபது நிமிடம் வைத்திருந்து ஒரு துளி எடுத்து அடுத்த குழாயில் விட வேண்டியது. போகப் போக இடைவெளியைக் குறைத்தார்கள். இப்படி 74 குழாய்கள்.

கடைசியில் வந்த ஆர்.என்.ஏ.வில் பழைய நீளத்தில் 83 சதவீதம் காணோம். குழாய்க்குள் நொதி இலவசம், எழுத்துகள் இலவசம், எந்த பாக்டீரியாவுக்குள்ளும் நுழைய வேண்டிய கட்டாயம் இல்லை. அப்புறம் வைரஸின் மேற்கூட்டுப் புரதத்தைச் செய்யும் குறிப்பை எதற்குச் சுமக்க வேண்டும்? நொதி தவறுதலாக ஒரு துண்டை விட்டுவிட்டு நகலெடுத்தால் அந்தக் குட்டை நகல் சீக்கிரம் முடிந்துவிடும், அடுத்த துளியில் அதுவே அதிகம் இருக்கும். மிஞ்சியதால் ஒரு பாக்டீரியாவைக்கூடத் தொற்ற முடியாது. அந்தக் குழாய்க்குள் மட்டும் அதுதான் ராஜா.

செல் இல்லை, உயிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, ஆனாலும் டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு நடந்துவிட்டது. மில்லரின் 1953 குடுவையைவிட எனக்கு இது பெரிய விஷயம் என்று படுகிறது.

சரி, இதில் ஒரு சிக்கல். நமக்குச் சின்னது எப்படிப் பெரிதானது என்று தெரிய வேண்டும், இங்கே பெரியது சின்னதாகிறது. ஜெர்மன் வேதியியலாளர் மான்ஃப்ரெட் ஐகன் 1971இல் இதைக் கணக்காகவே போட்டார். நூறு எழுத்துக்கு ஒரு பிழை விட்டு நகலெடுத்தால், நூற்றுச் சொச்சம் எழுத்துக்கு மேல் ஒரு செய்தி தலைமுறை தாண்டி நிற்காது. பிழை குறைய நல்ல நொதி வேண்டும். நல்ல நொதியை எழுத நீண்ட ஆர்.என்.ஏ. வேண்டும். கோழியா முட்டையா கதைதான். இந்த வரம்பின் நிழலை இன்றும் பார்க்கலாம்: ஆர்.என்.ஏ. வைரஸ்கள் பெரும்பாலும் பத்தாயிரம் எழுத்துக்கு அக்கம்பக்கத்தில் நின்றுவிடுகின்றன. கொரோனா வைரஸ் முப்பதாயிரத்தைத் தொடுகிறதென்றால், பிழை திருத்தும் நொதி ஒன்றைக் கூடவே வைத்திருப்பதால்தான்.

முடிச்சு ஒரு பக்கம் கொஞ்சம் அவிழ்ந்திருக்கிறது. ஆர்.என்.ஏ.வே நொதி வேலையும் பார்க்கும் என்று காட்டியதற்குத் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1989இல் நோபல் வாங்கினார்கள். ரைபோசோமில் அமினோ அமிலங்களைக் கோக்கும் இடமே ஆர்.என்.ஏ.தான். அந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் சிதம்பரம். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரம், வகுப்பில் தாராளமாகச் சொல்லுங்கள். அதே 2009இல் மான்செஸ்டரில் வேதியியலாளர் ஜான் சதர்லாந்தின் குழு, எளிய வேதிப்பொருள்களிலிருந்து ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டைச் செய்து காட்டியது. மில்லர் பக்கத்திலிருந்தும் பாலம் கொஞ்சம் நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் டோக்கியோவில். 2022இல் அங்கே ஒரு குழு, கியூ-பீட்டா நொதியைச் செய்யும் குறிப்பைத் தன்னுள்ளேயே கொண்ட ஆர்.என்.ஏ.வை எண்ணெய்க்குள் மிதக்கும் நீர்த்துளிகளில் அடைத்து நீண்ட நாள் பெருகவிட்டது. ஸ்பீகல்மன் குழாயில் போலவே நொதி செய்யாத குட்டை ஆர்.என்.ஏ.க்கள் கிளம்பின. ஓசிச் சாப்பாட்டுக்காரர்கள். ஒரே குழாயாக இருந்தால் மொத்தத்தையும் தின்று தீர்த்திருப்பார்கள். துளியாகப் பிரிந்திருந்ததால், ஓசிக்காரர்கள் மட்டும் மாட்டிய துளியில் சமைக்க ஆளில்லை, அங்கே பெருக்கம் நின்றுவிடும். ஓசிக்காரனுக்கு ஏமாறாத ஆர்.என்.ஏ. வந்தது, அதையும் ஏமாற்ற புது ஓசிக்காரன் வந்தான். ஒன்றில் தொடங்கி ஐந்து வம்சங்கள் ஆயின, ஒன்றையொன்று சார்ந்தும் நின்றன. புரதம் செய்யும் இயந்திரத்தை மட்டும் பாக்டீரியாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கடையில் வாங்கிய மாவில் தோசை என்று யாராவது குறை சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆகவே அந்த மாணவிக்கு என் பதில்: நடுவில் வைரஸ் இருந்திருக்காது, ஓசிக்காரன் நிச்சயம் இருந்திருப்பான். நகலெடுப்பது என்று ஒன்று தொடங்கிய அன்றே அவனும் பிறந்திருப்பான் என்பது என் எண்ணம்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். முதல் வரிசைக்கு ஒரு நீண்ட வாக்கியத்தைக் கொடுத்து, இரண்டு நிமிடத்தில் எத்தனை சீட்டு எழுத முடியுமோ எழுதச் சொல்லுங்கள். எழுத்து விட்டுப்போனாலும் பரவாயில்லை. எல்லாச் சீட்டையும் ஒரு டப்பாவில் குலுக்கி, கைக்கு வந்ததை அடுத்த வரிசைக்குக் கொடுங்கள். எத்தனையாவது வரிசையில் வாக்கியம் ஒற்றைச் சொல்லாகிறது என்று எனக்கு எழுதுங்கள்.