அண்ணனுக்குத் தாடையில், மகளுக்குத் தலையில்

கேள்வி: என் அண்ணனுக்குக் கீழ்த்தாடையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். ரிப்போர்ட்டில் ‘அமெலோபிளாஸ்டோமா’ என்று இருந்தது. இப்போது என் ஒன்பது வயது மகளுக்குத் தலைவலி, பார்வை மங்கல் என்று எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘கிரேனியோஃபாரின்ஜியோமா’ என்கிறார்கள். பல் திசு போலவே இருக்கும் கட்டியாம். பல் திசு மூளைக்குள் எப்படிப் போகும் டாக்டர்? எங்கள் குடும்பத்தில் ஏதாவது பரம்பரைக் குறையா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பரம்பரைக் குறை இல்லை அம்மா. இந்த இரண்டு கட்டிகளும் அநேகமாக எல்லோருக்குமே, கட்டியின் செல்களுக்குள் மட்டும் ஏற்படும் மரபணுப் பிழையால் வருபவை. மாமாவுக்கும் மருமகளுக்கும் வந்தது தற்செயல்தான். கர்ப்பமாக இருந்தபோது நீங்கள் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என்னிடம் வரும் தாய்மார்களின் மனதில் இந்தக் கேள்விதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பல் திசு மூளைக்குள் போகவில்லை. கரு உருவான நாலாவது வாரம் வாக்கில், வாயின் கூரைத் தோலிலிருந்து ஒரு சிறு பை மேல்நோக்கிக் கிளம்பும். ராத்கே என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1838-ல் விவரித்ததால் அதற்கு ராத்கே பை என்று பெயர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியின் முன்பாகம் அதிலிருந்து உருவாகிறது. பையை வாயோடு இணைத்த காம்பு மறைந்துவிட வேண்டும். சிலருக்கு அதன் செல்கள் வழியில் தங்கிவிடுகின்றன. கிரேனியோஃபாரின்ஜியோமா அவற்றிலிருந்து கிளம்புவதாகக் கருதுகிறோம். அதே வாய்த்தோல்தான் கீழே ஈறுக்குள் இறங்கி எனாமல் செய்யும் செல்களாகவும் ஆகிறது. ஆக, இரண்டு கட்டிகளுக்கும் மூலம் ஒன்று. இந்த உறவை வியன்னாவின் மருத்துவர் எர்ட்ஹைம் 1904-லேயே கண்டுகொண்டார்.

வாய் நோய்களின் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலை. தாடைக் கட்டியில் ஓரத்தில் உயரமான செல்கள் வரிசையாக நிற்கும். நடுவில் நட்சத்திர வடிவச் செல்கள் தளர்வாக இருக்கும். குழந்தைகளின் கிரேனியோஃபாரின்ஜியோமாவிலும் ஏறக்குறைய அதே காட்சி. கூடவே இளஞ்சிவப்புத் திட்டுகள், உட்கரு அழிந்துபோய் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய செல்கள், அங்கங்கே சுண்ணாம்புப் படிவு. அதன் நீர்ப்பையைத் திறந்தால் கரும்பழுப்பாக எஞ்சின் ஆயில் மாதிரி வரும் என்பார்கள் மூளை சர்ஜன்கள்.

ஆனால் தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. குழந்தைகளுக்கு வரும் வகையில் பிழை இருப்பது பீட்டா கேட்டினின் என்ற புரதத்தின் மரபணுவில். தாடையில் அதே பிழை, அதே உட்கருவற்ற செல்களோடு, ‘கால்சிஃபையிங் ஓடான்டோஜெனிக் சிஸ்ட்’ என்ற வேறொரு கட்டியில் இருக்கிறது. கீழ்த்தாடை அமெலோபிளாஸ்டோமாவில் அதிகம் காண்பது பி-ராஃப் மரபணுப் பிழை. கிரேனியோஃபாரின்ஜியோமாவில் பெரியவர்களுக்கு வரும் பாப்பில்லரி வகையிலும் அதுவே இருப்பது 2014-ல் தெரிந்தது. அந்த வகையோ பல் திசு போலவே இருக்காது! எனக்கு இன்றும் இது வியப்புதான்.

இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. பி-ராஃப் பிழை உள்ள பாப்பில்லரி கட்டிக்கு வெமுராஃபெனிப், கோபிமெடினிப் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 16 பேரில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. உங்கள் மகள் வயதில் வருவது பெரும்பாலும் மற்ற வகை. அதற்கு இந்த மாத்திரை பொருந்தாது. வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் அலைய வேண்டாம்.

பினைன், அதாவது கேன்சர் இல்லை, என்றார்களே என்று காலம் கடத்தவும் வேண்டாம். பக்கத்திலேயே கண் நரம்பும், பிட்யூட்டரியும், பசியை ஆளும் ஹைபோதலாமஸும் இருக்கின்றன. முழுதாக எடுத்தால் ஹைபோதலாமஸ் சேதமாகும் என்றால், கொஞ்சம் விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. இதை சர்ஜனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஹார்மோன் டாக்டர் பார்க்கட்டும். குழந்தை அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் போனால் உடனே சொல்லுங்கள். ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தால் ஒருவேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கும் அமெலோபிளாஸ்டோமாதான். கேன்சர் இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: எக்ஸ்ரேயில் கட்டி முடிந்ததாகத் தெரியும் இடத்தில் அது முடிவதில்லை. எலும்பின் நடுவிலுள்ள பஞ்சுப் பகுதிக்குள் செல்கள் ஊர்ந்து போயிருக்கும். சுரண்டி மட்டும் எடுத்தால் பலருக்குத் திரும்ப வருகிறது. அதனால்தான் 1 முதல் 2 செ.மீ. வரை சேர்த்து எடுக்கிறார்கள். எலும்பை எடுத்த இடத்தில் காலிலிருந்து ஃபிபுலா எலும்பை வைத்துத் தாடையைக் கட்ட முடியும். பிறகு பல்லும் பொருத்தலாம். உங்களுடையது ஒற்றை அறை கொண்ட ‘யூனிசிஸ்டிக்’ வகையா என்று கேளுங்கள். அதில் சிலருக்குச் சிறிய ஆபரேஷனே போதும். எதுவானாலும் செக்கப்பை விட்டுவிடாதீர்கள், பத்து வருடம் கழித்தும் இது திரும்பி வரலாம்.