பழைய வீட்டுக் கூரையில் செங்கல் சாய்வாக இருப்பது ஏன்?

மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்கள் மூலைவாட்டாக, குத்துக்கு நிற்கும். எப்படி விழாமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இது மெட்ராஸ் டெரஸ் என்ற கூரை முறை.

சுமார் ஒரு அங்குலத் தடிமனுள்ள கல். மூலையிலிருந்து வரிசை வரிசையாக, முந்தைய வரிசையில் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதனால் அடியில் சாரப்பலகை தேவையில்லை. மூலைவாட்டாகப் போவதால் ஒவ்வொரு வரிசையும் பல உத்தரங்களைத் தொட்டு, பாரத்தைப் பகிர்கிறது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு எனும் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள்.

ஒழுகினால் தயவுசெய்து மேலே சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி, சுவருக்குள் புதைந்த உத்தர முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும். அந்த முனைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்டால் அந்த உத்தரம் உள்ளே உளுத்திருக்கலாம்; பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.