ஹீட்டர் லைனுக்கு எந்த கனெக்டர்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, குளியலறை ஹீட்டர் லைன்ல வயரை முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட் ரெண்டாவது தடவையா கருகிப்போச்சு. எம்சிபி ஒரு தடவைகூட விழல. கடையில நாலஞ்சு விதமா கனெக்டர் எடுத்துப் போடுதாங்க. எதை நம்பி வாங்க?"

முதலில் அந்த எம்சிபி விஷயம். கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச் அது, இதற்கு விழவே விழாது. ஜாயிண்ட் லூஸானால் கரண்ட் கூடுவதில்லை, அந்த ஒரு இடத்தில் சூடு மட்டும்தான் கூடுகிறது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும்; ஜாயிண்டில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே ஏழரை வாட் சூடு. 25 வாட் சால்டரிங் அயனின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு, சுவருக்குள் ஒரு கொண்டைக்கடலை அளவு இடத்தில்! ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தாலும் அது கரண்ட் கசிவைத்தான் பார்க்கும், இதைப் பார்க்காது. அதனால் ஜாயிண்டை நாம்தான் சரியாகப் போட்டாக வேண்டும்.

முறுக்கிய வயர் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, நாளாக நாளாகத் தளரும். நம் ஊர் வெயிலுக்கு டேப்பின் பசையும் இளகி வழிந்துவிடுகிறது. நல்ல கனெக்டர் என்றால் தாமிரத்தை எப்போதும் ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

திருகு வைத்த பட்டை கனெக்டர் மலிவு. ஆனால் இப்போது வீட்டுக்கு வருவதெல்லாம் பல இழை வயர், திருகின் முனை அந்த இழைகளை நசுக்கி இரண்டொன்றை அறுத்தும் விடும். அதைத்தான் போடுவீர்கள் என்றால் முனையில் பின் லக் (ஊசி மாதிரி நீண்ட சின்ன உலோக முனை) மாட்டி, அதற்குரிய கிரிம்பிங் டூலால் அமுக்கிய பிறகு போடுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. முனைக்கு ஈயம் வைத்துத் திருகுவதும் வேண்டாம், திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து ஜாயிண்ட் தளர்ந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது லீவர் கனெக்டர், சின்னப் பிடியைத் தூக்கி வயரைச் சொருகி மடக்கும் வகை. உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் வயர் சூட்டில் அசைந்தாலும் பிடி விடாது. வாகோ கம்பெனியின் 221 வகையில் 4 சதுர மில்லிமீட்டர் வயர் வரைக்கான கனெக்டர் 32 ஆம்பியர் வரை தாங்கும். வயரை 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும், அந்த அளவுக் குறியும் அதன் உடம்பிலேயே இருக்கிறது. வேறு எது வாங்கினாலும் ஆம்பியரும் வயர் அளவும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். லீவர் இல்லாமல் வெறுமனே குத்தும் வகையில் பல இழை வயர் சரியாகப் போய் உட்காராது.

கருகிய முனையை அப்படியே சொருகிவிடாதீர்கள், ரொம்ப முக்கியம். தாமிரம் கறுத்து, மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கும். பளிச்சென்ற தாமிரமும் வளையும் உறையும் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வயர் பற்றவில்லை என்றால் எம்சிபியிலிருந்து ஹீட்டர் வரை 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டரில் புது வயர் இழுத்துவிடுங்கள். பைப்பில் இடமிருந்தால் எனக்கு இதுதான் முதல் விருப்பம், நடுவில் ஜாயிண்டே இல்லையே.

அப்புறம், பழைய வீடா? எங்கள் ஆச்சி வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஒரு பக்கம் தாமிரம், ஒரு பக்கம் அலுமினியம், நடுவில் சாம்பல் பூத்த ஒரு முடிச்சு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்டைத் தடுக்கும், ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரிக்கும். சாரல் அடிக்கும் ஊர்களில் இன்னும் சீக்கிரம். அங்கே சாதாரண கனெக்டர் கூடாது, அலுமினியத்துக்கும் தாமிரத்துக்கும் சேர்த்தே செய்த பைமெட்டல் வகைதான்.

வேலையை லைசன்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள், முடிந்ததும் ஒவ்வொரு வயரையும் உங்கள் முன்னால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அன்றைக்கே கழற்றி மறுபடி போடச் சொல்லுங்கள்.