படிகத்தின் துருக்கறையும் சிறுநீரகக் கல்லும்

கேள்வி: டாக்டர், நான் அமெரிக்காவில் டாலஸ் அருகே வசிக்கிறேன். வயது 39. விடுமுறையில் அர்கன்சாஸ் மாநிலத்தின் மவுண்ட் ஐடாவுக்குப் போய், காசு கட்டித் தோண்டும் சுரங்கம் ஒன்றில் என் 9 வயது மகளுடன் ஒரு வாளி நிறையக் குவார்ட்ஸ் படிகக் கற்கள் எடுத்து வந்தோம். செம்மண் கழுவினால் போய்விட்டது. துரு மாதிரி ஒட்டிய மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. நண்பர் சொன்னபடி ஆக்சாலிக் அமிலத் தூள் வாங்கி, வீட்டிலிருந்த ஸ்லோ குக்கரில் (மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பீங்கான் பாத்திரம்) கரைத்து, கராஜில் இரவு முழுக்கச் சூடாக்கினேன். காலையில் மூடியைத் திறந்ததும் மூக்கும் தொண்டையும் எரிந்தன. இரண்டு நாள் வறட்டு இருமல். கையுறை இல்லாமல் கற்களைத் துழாவி எடுத்ததால் நகத்தடியில் வலி. நகங்கள் மஞ்சளாக இருக்கின்றன. இது நடந்து 10 நாள் ஆகிறது. மூன்று வருடம் முன் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது, கால்சியம் ஆக்சலேட் வகை என்றார்கள். இந்த அமிலத்தால் மறுபடி கல் வருமா? மகளுக்குக் குளிர்காலத்தில் இழுப்பு வரும். மீதிக் கற்களைக் கழுவும்போது அவள் பக்கத்தில் இருக்கலாமா? குக்கரை நன்றாகத் தேய்த்துவிட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று மாமியார் கேட்கிறார். மனைவிக்கு ஒரு கல்லைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைக்க ஆசை.

பதில்: குக்கரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இன்று இரவே யாராவது அதில் பருப்பு வேகவைத்துவிடக்கூடும். வேண்டாம். பீங்கான் பாத்திரத்தின் மேற்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அமிலம் அங்கே தங்கும். எவ்வளவு தேய்த்தாலும் அது முழுக்க வெளியேறிவிட்டது என்று வீட்டில் உறுதி செய்ய வழியில்லை. மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள். வயரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி.

சரி, உங்கள் உடம்புக்கு வருவோம். நீங்கள் பயப்படுகிற ஆக்சாலிக் அமிலம் நமக்குப் புதியது கிடையாது. புளியாரைக் கீரையின் புளிப்பு இதுதான். இதன் பெயரே அந்தச் செடியின் லத்தீன் பெயரான ஆக்சாலிஸ் என்பதிலிருந்து வந்தது. கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டையை அரிப்பது கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். பசலைக் கீரையில் ஆக்சலேட் நிறைய உண்டு. கீரையில் இருப்பதுதானே, அப்படியானால் இந்தத் தூளும் சாதுவானதுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. நூறு கிராம் கீரையில் இருப்பது சில நூறு மில்லிகிராமிலிருந்து ஒரு கிராம் வரை. அதிலும் ஒரு பகுதி கால்சியத்தோடு ஏற்கனவே பிணைந்து கிடப்பதால் உடம்பில் ஏறாது. கடையில் வாங்கும் தூளிலோ ஒரு தேக்கரண்டியிலேயே பல கிராம் இருக்கும், எதனோடும் பிணையாமல். பார்க்கச் சர்க்கரை மாதிரி வெள்ளையாக, வாசனை இல்லாமல் இருப்பதால் எச்சரிக்கை உணர்வே வராது.

கல்லில் இது செய்யும் வேலையும் உடம்பில் செய்யும் கெடுதலும் ஒரே குணத்தால் வருபவை. ஆக்சலேட்டுக்கு உலோகங்களைக் கவ்விப் பிடிக்கும் இயல்பு உண்டு. படிகத்தின் மேல் படிந்த துருவில் இரும்பு இருக்கிறது. அமிலம் அந்த இரும்பைக் கவ்வி நீரில் கரைத்துவிடுகிறது, அதனால் கரைசல் பச்சை கலந்த மஞ்சளாக மாறுகிறது. படிகத்தை இது தொடுவதில்லை. அதே அமிலம் வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்தால், அங்கே கால்சியத்தைக் கவ்வுகிறது. இரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கினால் உதட்டிலும் விரலிலும் மதமதப்பு, தசை இழுப்பு, இதயத் துடிப்பில் தடுமாற்றம் வரும். கவ்விய கால்சியம் ஆக்சலேட் பொடிப் படிகங்களாகச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். பயிற்சி மருத்துவராக இருந்த நாளில், பாத்திரக் கறை நீக்கும் தூளை உப்பென்று நினைத்து மோரில் கலந்துவிட்ட ஒரு பெரியவரைப் பார்த்தேன். முதல் மடக்கிலேயே நாக்கு எரிந்ததால் துப்பிவிட்டார், பிழைத்துக்கொண்டார். ஆனாலும் சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்று மூன்று நாள் அளந்துகொண்டே இருந்தோம். தூளை வேறு டப்பாவில் மாற்றி வைக்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது அதனால்தான்.

உங்களுக்கு நடந்தது இது இல்லை. நீங்கள் விழுங்கவில்லை. ஆவியை முகர்ந்தீர்கள், கையை நனைத்தீர்கள். ஒரே ஒரு முறை. இதனால் சிறுநீரகக் கல் உருவாகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரு முன்கதை உண்டு. நார்வேயில் ரயில் பணிமனைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான கட்டுரை ஒன்றில், வேலையில் ஆக்சாலிக் அமிலத்தோடு புழங்கியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சிறுநீரகக் கல் தெளிவாக அதிகமாக இருந்தது. அவர்களுக்கு அது அன்றாட வேலை. உங்களுக்கு ஒரு இரவு. எனவே கவலை வேண்டாம். ஆனால் ஏற்கனவே கல் வந்த சிறுநீரகம் உங்களுடையது. இதை வாரந்தோறும் செய்யும் பொழுதுபோக்காக, அதுவும் சூடாக்கிச் செய்யும் பொழுதுபோக்காக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சூடுதான் இதில் வில்லன். குளிர்ந்த கரைசலிலிருந்து அமிலம் காற்றில் அதிகம் எழும்பாது. சூடான கரைசலில் நீராவியோடு நுண்துளிகளாக ஏறி வந்து மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் எங்கும் படியும். நீங்கள் மூடியைத் திறந்த கணத்தில் இரவு முழுக்கச் சேர்ந்தது மொத்தமாக முகத்தில் அடித்திருக்கிறது. அமெரிக்காவில் தொழிலிடங்களுக்கு இருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் மட்டுமே, அதுவும் 8 மணி நேரச் சராசரியாக. மூடிய கராஜில் ஒரு இரவு கொதித்தால் அங்கே எவ்வளவு இருந்திருக்கும் என்று யாரும் அளக்கப்போவதில்லை. இருமல் இரண்டு நாளில் நின்றது நல்ல அறிகுறி. இப்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், இழுப்பு எதுவும் இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை. இருந்தால் உடனே போய் நுரையீரலைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கை விஷயத்தில் ஒன்றை நீங்களே இன்றைக்கு உறுதிப்படுத்த வேண்டும். அந்த டப்பாவை எடுத்து, என்னென்ன பொருள் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஆக்சாலிக் அமிலம் மட்டும் என்றால், நகம் மஞ்சளாவதும் எளிதில் உடைவதும் நகத்தடி வலியும் அதில் வெறுங்கையை வைத்தவர்களிடம் பார்க்கிறதுதான். புது நகம் வளர வளரச் சரியாகும். விரல் நுனி நீலம் பாரித்தால், மரத்துப்போனால், புண் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த அமிலம் விரலின் சிறு இரத்தக் குழாய்களையும் கெடுக்கக்கூடியது. ஆனால் டப்பாவில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றோ அம்மோனியம் பைஃபுளோரைடு என்றோ இருந்தால் கதையே வேறு. துரு நீக்கிகள் சிலவற்றில் இவை உண்டு. பட்டவுடன் வலிக்காது, பல மணி நேரம் கழித்து எலும்புவரை குடையும் வலி வரும், சின்ன இடத்தில் பட்டாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். படிகம் சுத்தம் செய்ய அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். படிகத்தையே அரிக்கும் அமிலம் அது, கல்லும் கெட்டுவிடும்.

மீதிக் கற்களைச் சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகளோடு வெயிலில் உட்கார்ந்து தோண்டிய கல், அது பளிச்சென்று ஆக வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. மவுண்ட் ஐடா பக்கம் காலங்காலமாக இதே அமிலத்தில்தான் கழுவுகிறார்கள். நீங்கள் மாற்ற வேண்டியது சூட்டையும் அவசரத்தையும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் தூள் போதும். காய்ச்சி வடித்த நீராக (டிஸ்டில்டு வாட்டர்) இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கல்லின் மேல் வெள்ளைப் படலம் படியும், அப்புறம் அதை நீக்குவது துருவை நீக்குவதைவிடக் கஷ்டம். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூளை மெதுவாக, தூசி கிளம்பாமல். நைட்ரில் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, முழுக்கை சட்டை. வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் கரைந்த இரும்பு மஞ்சள் வண்டலாகப் பிரிந்து கல்லின் மேலேயே உட்காரும். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகட்டும். டாலஸ் கோடைக்கு வேறு அடுப்பு எதற்கு? வாளி மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். உங்கள் வீட்டு ஏற்பாட்டில் எனக்கு இதுதான் மிக முக்கியம்.

பழைய கரைசலைக் கொட்டும்போது பலர் சமையல் சோடா போட்டு நுரை அடங்கியதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். புளிப்பு போகும், நஞ்சு போகாது. சோடியம் ஆக்சலேட்டாகக் கரைந்தே இருக்கும். சுண்ணாம்பு போட்டால்தான் கரையாத கால்சியம் ஆக்சலேட்டாக அடியில் தங்கும். அதையும் உங்கள் ஊர் நகராட்சி நடத்தும் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுப்பதே நல்லது. பழைய டப்பாவில் மிச்சம் இருக்கும் தூளையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.

மகள் விஷயம். அமிலத்தைக் கலக்கும்போதும் கற்களை வெளியே எடுக்கும்போதும் அவள் வீட்டுக்குள் இருக்கட்டும். இழுப்பு உள்ள குழந்தையின் மூச்சுக்குழல் நம்மைவிடச் சீக்கிரம் சுருங்கும். இணையத்தில் ‘ஐயர்ன் அவுட்’ என்ற துரு நீக்கியைப் போட்டால் அமிலமே வேண்டாம் என்று படித்திருப்பீர்கள். அதில் இருப்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். இரும்பை நன்றாகவே கரைக்கும், ஆனால் கந்தக டை ஆக்சைடு வாயு வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த வாயு ஒவ்வாது. உங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது. அதை ஆக்சாலிக் அமில வாளியில் கலப்பது இன்னும் மோசம், வாயு வேகமாகக் கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் துணி வெளுக்கும் ப்ளீச்சையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், அதையும் நினைவில் வையுங்கள். மகளுக்கு வேலை கொடுக்க வேண்டுமானால், முதல் கட்டத்தை முழுக்க அவளிடம் விடலாம்: தண்ணீருக்குள் வைத்தே பழைய பல் துலக்கும் பிரஷால் மண்ணைத் தேய்ப்பது. உலர்ந்த கல்லை மட்டும் யாரும் அறுக்கவோ அரைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி சிலிக்கா, நுரையீரலில் போனால் திரும்பி வராது.

ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதை எழுதி கராஜ் சுவரில் ஒட்டிவிடுங்கள். தோலில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து 15 முதல் 20 நிமிடம் தண்ணீர், பிறகு நேரே மருத்துவமனை. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரித்த தொண்டையை அது மறுபடி அரிக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, முழு நினைவோடு விழுங்க முடிகிறது என்றால் ஒரு சில மடக்கு பாலோ தண்ணீரோ கொடுத்து, 911 அல்லது அமெரிக்க நஞ்சு உதவி எண் 1-800-222-1222ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று காத்திருக்கக் கூடாது, சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

உங்கள் பழைய சிறுநீரகக் கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரிகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். கால்சியம் ஆக்சலேட் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பியுங்கள். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கவ்வி மலத்தோடு வெளியேற்றிவிடும். சிறுநீரகத்தில் சந்திப்பதைவிடக் குடலில் அவை சந்திப்பது நமக்கு நல்லது. தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், உடம்பு அதில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாகத்தான் மாற்றும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அவசரமில்லை, உங்கள் மன நிம்மதிக்காக.

தண்ணீர் பாட்டிலில் கல் போடும் யோசனைக்கு என் பதில், கூடாது. அமிலத்தில் ஊறிய கல்லின் வெடிப்புகளுக்குள் அமிலம் தங்கி, நாள்கணக்கில் கசியும். சுத்தமான கல்லை மகள் கையில் கொடுப்பதற்கு முன்னும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில், அமிலம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். புதுத் தண்ணீரில் நனைத்த தாளின் நிறமும் இதன் நிறமும் ஒன்றாக இருந்தால், அவள் அதைத் தலையணைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.