ரா படம் எடுக்க என்னவெல்லாம் வாங்க வேண்டும்?

கேள்வி: மூன்று வருடமாக ஒரு டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறேன். இதுவரை எடுத்ததெல்லாம் ஜேபெக்தான். ராவில் எடுத்தால்தான் படம் நன்றாக வரும், அதற்கு இதைவிட நல்ல கேமரா வேண்டும் என்கிறார் நண்பர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரா என்பது சென்சார், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சில்லு, பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல். உங்கள் கேமராவிலேயே அது இருக்கும். மெனுவில் படத்தின் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ரா+ஜேபெக் என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு ஃபைலாகப் பதிவாகும். உடனே யாருக்காவது அனுப்ப ஜேபெக், உட்கார்ந்து வேலை செய்ய ரா.

ஜேபெக்கில் நிறம், கான்ட்ராஸ்ட், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்துவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. ராவில் சென்சார் பதிந்தது உங்கள் கைக்கு வருகிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. நல்ல வெளிச்சத்தில் சரியாக எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஜன்னலோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு குழந்தையை எடுத்துப் பாருங்கள், அங்கே தெரியும். வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போய், சட்டை வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். ஜேபெக்கில் வெளிச்சத்தைக் குறைத்தால் அது சாம்பல் நிறத் தாளாக மாறும், அவ்வளவுதான். ராவில் ஸ்லைடரை மெல்ல இறக்கினால் முதலில் காலர் மடிப்பு வரும், அப்புறம் பொத்தானுக்குக் கீழே விழும் சின்ன நிழல், பிறகு தையல் கோடு.

ராவுக்கும் எல்லை உண்டு. சென்சார் நிரம்பி வழிந்துவிட்ட இடத்தில் எதுவும் பதிவாகியிருக்காது. என்ன செய்தாலும் திரும்ப வராது. இருட்டான பகுதியைத் தூக்கினால் நாய்ஸ், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகள், ஏறும், ஆனாலும் படம் மிஞ்சும். அதனால் வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாமல் எடுக்கப் பழகுங்கள். புதுக் கேமரா வாங்குவதைவிட இந்தப் பழக்கம் உங்கள் படங்களுக்கு அதிகம் செய்யும்.

கேள்வி: கேமரா வாங்கி ஒரு வாரம் ஆகிறது. பின்திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. கம்ப்யூட்டரில் ராவைத் திறந்தால் சோகை பிடித்ததுபோல் மங்கலாக இருக்கிறது. பழுதான கேமராவா? திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது.

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் திரையில் பார்ப்பது ரா அல்ல. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு ஜேபெக்கையும் செருகி வைக்கிறது. திரையில் தெரிவது அதுதான். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் அந்த ஜேபெக்கிலிருந்து வருவதே. அதனால் 'வெளுத்துவிட்டது' என்று கேமரா மினுக்கிக் காட்டும் இடத்தில்கூட ராவில் கொஞ்சம் விவரம் பெரும்பாலும் மிச்சமிருக்கும்.

வேறு நிறுவனங்களின் மென்பொருளில் ராவைத் திறக்கும்போது கேமராவில் நீங்கள் வைத்த நிற அமைப்புகளில் பலவும் வராது. மங்கலாகத் தெரிவது அதனால்தான். அது சமைக்காத அரிசி, சாதம் நீங்கள்தான் வடிக்க வேண்டும்.

முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறச்சாயலைச் சரிசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது. ராவில் இது ஒரு குறிப்பு மட்டும்தான், பிறகு எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், படம் கெடாது. மஞ்சள் விளக்கில் எடுத்த படமென்றால் உறிஞ்சுகுழாய் போன்ற கருவியை எடுத்து, படத்தில் நிறமில்லாமல் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வையுங்கள். சாம்பல் நிறத் துணி, வெளுத்துப் போகாத ஒரு வெள்ளைக் காகிதம், ஏதாவது. முகத்தின் நிறம் சட்டென்று உயிர் பெறுவதைப் பார்ப்பீர்கள். அப்புறம் மொத்த வெளிச்சம், அதன் பிறகு வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும், அடுத்து கான்ட்ராஸ்ட். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; கான்ட்ராஸ்ட் ஏறினாலே நிறம் பாதி ஏறிவிடும். கூர்மையையும் நாய்ஸையும் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

எல்லோரிடமும் நான் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. கேமரா கொடுத்த ஜேபெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராவை அதுபோலவே கொண்டுவரப் பாருங்கள். முதல் பத்துப் படத்துக்கு இது போதும். எந்த ஸ்லைடர் எதைச் செய்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். அதைவிட நன்றாகக் கொண்டுவருவது அதற்கடுத்த வேலை.

கேள்வி: மாதச் சந்தா கட்டி லைட்ரூம் வாங்குவதா, இலவச மென்பொருளே போதுமா?

பதில்: லைட்ரூம் என்பது ரா படங்களைத் திருத்தும் அடோபியின் மென்பொருள். முதல் ஆறு மாதம் அதற்குப் பணம் கட்டாதீர்கள். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ என்று நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. கேமராவில் பார்த்த நிறத்தோடே படம் திறக்கும் என்பதால் புதியவர்களுக்கு இவை நல்ல தொடக்கம். எல்லா நிறுவனக் கேமராக்களுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம், திறந்த மூலம். டார்க்டேபிள் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், அதை மறைக்கவில்லை.

ஆயிரக்கணக்கான படங்களை வேகமாகப் பார்த்துத் தள்ள வேண்டியவர்களுக்கு லைட்ரூமும் கேப்சர் ஒன்னும் கட்டும் பணத்துக்கு வேலை செய்பவைதான். ஆனால் ஒன்றில் செய்த திருத்தங்கள் இன்னொன்றில் அப்படியே திறக்காது. சந்தாவை நிறுத்த நேர்ந்தால் செய்த வேலை என்ன ஆகும் என்று கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடித்த படங்களை டிஃப் (எந்த மென்பொருளிலும் திறக்கும் பெரிய பட ஃபைல்) அல்லது ஜேபெக்காக வெளியே எடுத்து வைப்பதும் நல்லது.

கேள்வி: மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க் எது வாங்கலாம்?

பதில்: காசை இங்கே போடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 முதல் 30 எம்பி வரை வரும். சுருக்காமல் பதிந்தால் இன்னும் கூடும். 64 ஜிபி கார்டில் ரா மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டாயிரம் படம். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். உங்களுக்கு முக்கியம் எழுதும் வேகம். வி30 என்று இருந்தால் குறைந்தது நொடிக்கு 30 எம்பி எழுதும் என்று பொருள். தொடர்ச்சியாக எடுக்காதவருக்கு அது போதும். போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன. வாங்கியதுமே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். சொன்ன அளவு இல்லையென்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டிஸ்க் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். படங்களை நகலெடுக்கும்போது ராவோடு கூடவே இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைல்களையும் சேர்த்து எடுங்கள். பல மென்பொருள்கள் ராவைத் தொடுவதே இல்லை. உங்கள் திருத்தங்களை அந்தச் சின்ன ஃபைலில்தான் எழுதுகின்றன. ஒரு முறை நான் ரா ஃபைல்களை மட்டும் புது டிஸ்குக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிட்டேன். படங்கள் அத்தனையும் இருந்தன. இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த திருத்தம் ஒன்றுகூட இல்லை.

கேள்வி: அண்மையில் வெளிவந்த மாடல் வாங்கினேன். என் பழைய மென்பொருள் அதன் ரா ஃபைலைத் திறக்க மறுக்கிறது.

பதில்: ரா என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வடிவம் இல்லை. கேனனுக்கு சிஆர்3, நிக்கானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் உள்ளே மாறும். அடோபி நிறுவனத்தின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரின் புதுப் பதிப்பில் ஃபைலை டிஎன்ஜியாக, அதாவது பல மென்பொருள்கள் படிக்கும் பொதுவான ரா வடிவமாக, மாற்றிப் பாருங்கள், பழைய மென்பொருள் பெரும்பாலும் திறந்துவிடும். மூல ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள்.